பதவியேற்புத் தண்ணீர்

அந்தக் கொடத்த மட்டும் தொட வேண்டாமுங்கய்யா. தாகமா இருந்தா இந்தக் கூசாவுல இருக்குதுங்க, சிறுவாணித் தண்ணி. உங்களுக்குன்னே காலையில பைப்புல புடிச்சு வெச்சது. குடிச்சுப் பாருங்க. இனிக்குதுங்களா? கோயமுத்தூருக்கு வர்ற ஒறம்பரைங்க எல்லாருமே மொதல்ல அதத்தான் சொல்லுவாங்க. எங்களுக்கும் கேக்கறதுக்கு ஒரு பெரும. ஊருக்குள்ள இருக்கறவங்களுக்கு அந்தப் பெரும இன்னும் இருக்குது.

உக்காருங்க, உக்காருங்க. காலையில இருந்து நின்னது நின்னாப்புல இருந்தீங்க. ஓட்டு வாங்கி, எண்ணி, முடிவச் சொல்லி, கையெழுத்தும் போட்டாச்சு. இனி உங்களுக்கு ஒரு வேலையும் இல்லீங்க. அங்க ஹால்ல மால மரியாத நடக்குது. அது முடிஞ்சு பதவிப் பிரமாணம், அப்பறம் எல போட்டுருவாங்க. அதுக்குள்ள சித்த நேரம் காத்தாட இருங்க. இந்த ரூமுல ஃபேன் நல்லாச் சுத்தும்.

நானுங்களா? நான் சென்னியப்பனுங்க. இந்தக் கழகத்துல உசுரோட இருக்கற உறுப்பினருங்கள்ல நாந்தான் மூத்தவன். மேடையில பேரச் சொல்லிக் கூப்புடற வரைக்கும் எனக்கும் வேலையில்ல. பேர எங்கியோ பாத்தாப்புல இருக்குதுங்களா? பாத்திருப்பீங்க. தோத்துப்போன ஜெரோமு இருக்கறாருல்லங்க, அந்தப் பையனுக்கு முன்மொழிஞ்சது நாந்தான். வெசனமெல்லாம் இல்லீங்க. தோப்பாருன்னு தெரிஞ்சுதான் முன்மொழிஞ்சேன்.

நீங்க ரிட்டயர்டு ஜட்ஜு. வெளியூருல இருந்து உங்களக் கூட்டியாந்து நடத்தினாத்தான் நாயமா இருக்கும்னு ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டோம். உங்கள ஒரு கொறையும் சொல்லலீங்க. சட்டப்படி, விதிப்படி, எல்லாம் செரியாத்தான் நடந்துச்சு. எங்கூருல தப்பெல்லாம் விதிப்படிதானுங்க நடக்கும்.

அட, சிரிக்கறீங்க. செரி, சிரிங்க.

இல்ல, எனக்கு ஒண்ணு சொல்லோணுமுங்க. கொங்கு மண்நீர் ஆய்வுக் கழகம்னு போர்டுல போட்டிருக்குது, பாத்தீங்களா. இதுல எலக்சன்னு ஒண்ணு நடந்ததே இன்னிக்குத்தானுங்க. கழகத்த ஆரம்பிச்சது கோவிந்தராஜுலு சார். எனக்கு வாத்தியாரு, நான் அக்ரி படிக்கறப்ப. பெரும்பஞ்சம் வந்து கெணறெல்லாம் பாறை தெரியக் காஞ்சு கெடந்தப்ப, புரொபசருங்க கொஞ்சம் பேரு, படிச்ச வெவசாயிங்க கொஞ்சம் பேரு, ஒண்ணா உக்காந்து ஆரம்பிச்சதுங்க. எங்க தோண்டலாம், எவ்வளவு எறைக்கலாம், மண்ணு என்ன, உப்பு என்ன, இதுதான் பேச்சு. தலைவரத் தேர்ந்தெடுக்கறது ஒரு பெரிய காரியமா இருந்ததில்ல. பொதுக்கொழு அன்னிக்குச் சோறு உண்டுபோட்டு, வெத்தலையப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. யாராச்சும் ஒருத்தர் ஒரு பேரச் சொல்லுவாரு. மத்தவங்க கையத் தட்டுவாங்க. பேரச் சொன்னவரு வேண்டாம் வேண்டாம்னு எந்திரிச்சு நிப்பாரு, புடிச்சு உக்கார வெப்பாங்க. ஆச்சு.

ஆனா ஒரு வழக்கம் மட்டும் விடாம இருந்துச்சு. அதுதானுங்க அந்தக் கொடம். தலைவரு நாற்காலியில உக்கார்றதுக்கு முன்னால, சபைக்கு முன்னால நின்னு, அந்தக் கொடத்துல இருந்து ஒரு டம்ளர் தண்ணி குடிக்கோணும். பிரமாணம்னா எங்களுக்கு அதுதான். கையெழுத்து, சத்தியம் எல்லாம் அப்பறம். கழகத்துல யாரு மூத்தவரோ அவரு, தன்னோட சொந்தக் கெணத்துத் தண்ணியக் கொண்டாரோணும். மேடையில நின்னு, இது இன்ன ஊரு, இன்ன தோட்டத்துக் கெணத்துத் தண்ணின்னு சத்தமாச் சொல்லிப்போட்டுத்தான் டம்ளர நீட்டோணும். கோவிந்தராஜுலு சார் வெச்சது. காரணம் கேட்டா, ஊருத் தண்ணியப் பத்தி நாயம் சொல்ல மேடையேறுறவன் மொதல்ல அந்தத் தண்ணியக் குடிச்சுக் காட்டட்டும்பாரு. சயின்ஸ் படிச்ச ஆளுங்களுக்கு எதுக்கு இந்தச் சடங்குன்னு அப்பவே சிலபேரு கிண்டல் பண்ணுனாங்க. அவரு கேக்கல.

போன வருசம் வரைக்கும் மூத்தவரு அழகிரிசாமி அண்ணன். வயசாயிப்போச்சு, தோட்டத்துல இருந்து தூக்கியார முடியாதுன்னு கடைசி நாலஞ்சு வருசமா மகன் ஊட்டுச் சிறுவாணி பைப்பத் தொறந்து புடிச்சாந்துருவாரு. மேடையில மட்டும் தோட்டத்துப் பேரச் சொல்லுவாரு. எல்லாருக்கும் தெரியும், யாரும் கேக்கறதில்ல. அவரு பொரட்டாசியில போய்ச் சேந்துட்டாரு. இப்ப மொற எனக்கு வந்திருக்குது.

காப்பி ஆறுதுங்க, குடிங்க.

இந்த ஹாலு புதுசுங்க. ஆமா, சேரெல்லாம் குசன் வெச்சது. மேடைக்குப் பொறகால ஒரு லேபு இருக்குது, பூராக் கண்ணாடி, ஏசி, உள்ள போனா குளிரும். யாரு கட்டுனாங்கன்னு வாசல்ல கல்லு பதிச்சிருக்குது, படிச்சிருப்பீங்களே. சாயப்பட்டற ஓனருங்க. பனியன் ஏவாரம் நல்லா வந்துருச்சுங்க இந்த வருசங்கள்ல. எங்க பாத்தாலும் மாருதி, எங்க பாத்தாலும் மொசைக் வீடு. நானும் கொற சொல்ல மாட்டேன், எம்பட பங்காளிங்களே பட்டற போட்டிருக்கறாங்க. நூலுக்குச் சாயம் போட்ட தண்ணி எங்க போகும்? பள்ளத்துல எறங்கும். பள்ளம் நொய்யல்ல எறங்கும். நொய்யல்ல இருந்து எங்க கெணத்துக்கு வரும். இதுக்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாமுங்க.

வெவசாயிங்க கேசு போட்டோம். கோர்ட்டு, இந்தக் கழகத்த ஒரு ஆய்வு பண்ணி அறிக்க குடுக்கச் சொல்லுச்சு. அப்பத் தலைவரு கிருபாசங்கர். இன்னிக்கு மறுபடியும் நீங்க அறிவிச்சீங்களே, அவரேதான். சின்ன வயசுலயே டாக்டர் பட்டம் வாங்கினவரு. வாயத் தொறந்தாத் தேனு. ஒரு கூட்டத்துல அவரு பேச எந்திரிச்சார்னா, எதிர்த்துப் பேச வந்தவனும் தலையாட்டிப்போட்டுத்தான் போவான். நாங்க சந்தோசப்பட்டோமுங்க. நம்ம கழகம், நம்ம ஆளு, நம்ம கெணறு, இனி கவலையில்லைன்னு.

தண்ணி எடுக்க வந்தாங்க. எம்பட தோட்டத்துக்குத்தான் வந்தாங்க. எப்ப வந்தாங்கன்னு கேளுங்க. கார்த்திக மாசம். அந்த வருசம் நல்ல மழ. நொய்யல்ல செம்மண் தண்ணி கர தட்டிப் போகுது. கெணறு மேல வரைக்கும் ரொம்பிக் கெடக்குது, குனிஞ்சு சொம்புல மொள்ளலாம். அப்படி ஒரு நாள்ல கேனப் புடிச்சு, மூடி, சீல் வெச்சு, எங்கிட்டயே சாட்சிக் கையெழுத்தும் வாங்கிப்போட்டுப் போனாங்க. அன்னிக்கு எடுத்த தண்ணி நல்ல தண்ணிதானுங்க. அதுல பொய்யே இல்ல. வேலைய ஒழுங்காச் செய்யலைன்னும் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டு வந்துச்சு. குடிக்கவும் பாசனத்துக்கும் உகந்தது. கீழ கழகத்துக் கவுன்சில்காரங்க எல்லாருடைய கையெழுத்தும். மேல தலைவர் கிருபாசங்கர். கேசு நிக்கல.

கோடையிலயா? கோடையில வந்து பாருங்கன்னு நானே போயி கேட்டேனுங்க. வர்றோம் மாமா, வர்றோம்னாரு. எங்க பக்கம் எல்லாரும் எல்லாருக்கும் மாமனோ மச்சானோதானுங்க. அவரு வரல.

மாசி பொறந்தா எங்க கெணறு வேற கெணறுங்க. படியில ஒரு வெள்ளப் பூச்சு படியும். மேல எண்ண மாதிரி ஒரு ஆட மெதக்கும், வெயிலு பட்டா செவப்பும் நீலமும் ஓடும். எருமைக்குத் தொட்டியில உட்டா மூந்து பாத்துப்போட்டு நகந்துக்கும். எளநி வெட்டுனா உப்புக் கரிக்குது. எளநி உப்புக் கரிச்சா, அப்பறம் என்னங்க மிச்சம் இருக்குது அந்தத் தோட்டத்துல?

என்னோட ஊட்டுக்காரி தெய்வாத்தாளுக்குக் கையெல்லாம் தோலு உரிஞ்சுது. வயசாச்சுன்னா. நானும் அப்படித்தான் நெனச்சேன். ரிப்போர்ட்டு இருக்குதுல்லங்க.

அந்த வருசந்தான் எம்பட புள்ள மொதப் பிரசவத்துக்கு ஊட்டுக்கு வந்துச்சு. லோகப்பிரியா. ஒத்தப் புள்ளைங்க. எங்க பக்கம் தலப்பிரசவம் அப்பன் ஊட்டுலதான். மாப்பிள்ள வேண்டாம்னுதான் சொன்னாரு. கோயமுத்தூர்லயே ஆஸ்பத்திரி பக்கமா இருக்குது, உங்க அம்மா இங்க வந்து இருக்கட்டும்னாரு. இவ கேக்கல. கட்டுத்தரையில எரும கத்தறதக் கேட்டுக்கிட்டே தூங்கோணும்னா. வந்தா. மூணு மாசத்துக்கு மேல இருந்தா. குடிச்சது, குளிச்சது, சோறாக்குனது எல்லாம் அந்தக் கெணத்துத் தண்ணிதான். மாசி, பங்குனி, சித்தர.

கொழந்த அழுவலீங்க.

டாக்டரம்மாகிட்ட தனியாப் போயிக் கேட்டேன், தண்ணியாலயாம்மான்னு. அப்படிச் சொல்ல முடியாதுன்னுச்சு. இல்லைன்னு சொல்லுவீங்களான்னு கேட்டேன். அப்படியும் சொல்ல முடியாதுன்னுச்சு. அது நேர்மையான பொம்பள. எனக்கு அது போதும். ஒரு துணியில சுத்திக் குடுத்தாங்க. என்னய அப்புச்சின்னு கூப்புட வேண்டியது. தோட்டத்துலயே கெழக்கால மூலையில, வேம்புக்குக் கீழ வெச்சோம். குழி வெட்டுன எடத்துலயும் அடியில ஈரம் இருந்துச்சுங்க. கருப்பா.

இல்லீங்க, இருக்கட்டும், நான் நல்லாத்தான் இருக்கறேன். கண்ணு அப்பப்ப இப்படித்தான் வடியும், வயசு.

அதுக்கப்பறந்தான் ஜெரோமு வந்தாரு. இந்தப் பையனோட அப்பன் ஆத்தா எங்க தோட்டத்துலதான் பண்ணையத்துல இருந்தாங்க. என்னப் பண்ணாடின்னுதான் கூப்புடுவாங்க, மொதலாளிங்கற மாதிரி. பையன் படிச்சு, காலேஜுல கெமிஸ்ட்ரி வாத்தியாரு. நான் மனசாரச் சொல்றேனுங்க, மொதல்ல அவரு சேர்ல உக்காந்து எங்கிட்டப் பேசுனப்ப எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்துச்சு. பழகுன புத்தி, லேசுல போகுமா. ஆனா அவருதான் சித்தர வெயில்ல, செருப்பக் கழட்டிப்போட்டு கெணத்துப் படியில எறங்கித் தண்ணி எடுத்தாரு. எங்க ஊட்டுத் துக்கத்துக்கும் வந்தாரு. கழகத்துல என்னையும் ஓட்டுக்கு நிறுத்துங்க, நான் ஜெயிச்சா மொத வேல அந்த ரிப்போர்ட்ட வாபஸ் வாங்கறதுதான், கோடையில மறுபடியும் எடுத்துக் கோர்ட்டுக்கு அனுப்பறதுதான்னாரு. செரின்னு கையெழுத்துப் போட்டேன்.

அவர மெரட்டுனாங்களான்னு கேக்கறீங்க. சே, சே. எங்கூரு மரியாதையான ஊருங்க. யாரும் ஒரு தப்பு வார்த்த பேசல. பட்டற ஓனருங்க அவரு ஊட்டுக்கு வந்தாங்க, நல்ல மனுசங்க, பழம் வாங்கிக்கிட்டு வந்தாங்க. அம்மா சவுகரியமுங்களான்னு விசாரிச்சாங்க. தங்கச்சி கயல்விழி நம்ம கம்பெனியிலதானுங்க செக்கிங்ல இருக்குதுன்னு கேட்டுக்கிட்டாங்க. அடுத்த வாரம் அந்தப் புள்ளைக்கு ஆர்டர் கொறஞ்சுபோச்சு, அப்பறம் சொல்லியனுப்பறோம் கண்ணுன்னாங்க. பொறவு வாடகைக்கு ஊடு குடுத்தவரு வந்து, மகனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கறோம், ஊடு வேணுமுங்கன்னாரு. மகனுக்குப் பொண்ணே பாக்கலீங்க. பொறவு காலேஜுல கூப்புட்டு, இந்த வருசம் உங்களுக்கு ஊட்டிப் பக்கம் ஒரு கெளைக் காலேஜு பாத்திருக்கறோம், குளுகுளுன்னு இருக்குமுங்கன்னாங்க. எல்லாம் இப்படித்தான். சிரிச்ச மொகமா.

அவர வழிமொழிஞ்சவங்க ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டாங்க. மிச்சம் நானும் அவரோட பிரண்டு ஆல்வினும்தான்.

இன்னிக்குக் காலையில பஸ்ஸு வந்துச்சே, பாத்தீங்களா? பல்லடத்துல இருந்து, சோமனூருல இருந்து. எறங்குனவங்க எல்லாம் கழகத்தோட ஆயுள் உறுப்பினருங்கதானுங்க. கவுன்சில்ல ஒருத்தர் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதும், உறுப்பினர் ஆயிரலாம். விதி அப்படித்தான் இருக்குது. பட்டறக் கணக்குப்புள்ளைங்க, கட்டிங் மாஸ்டருங்க, வேன் டிரைவருங்க. பாவம், அவிங்களச் சொல்லி என்ன. ஒருத்தன் என்னயவே வந்து கேக்கறான், ஏனுங்க, இங்க எந்தச் சின்னத்துலங்க குத்தோணும்னு. நான் ஜெரோமு பேரக் காட்டியிருக்கலாம். காட்டல. அவன் குத்திப்போட்டு, பிரியாணிப் பொட்டலம் வாங்கிக்கிட்டு, கைகழுவ எடம் தேடிப்போட்டுப் போனான்.

தெரிஞ்சுமா போட்டி போட்டீங்கன்னு கேட்டா என்ன சொல்றதுங்க. ஓட்டு நடந்தாத்தான் பொதுக்கொழு பெருசாக் கூடும். பெருசாக் கூடுனாத்தான் பொம்பளைங்க, ஒறம்பரைங்க, பேப்பர்காரங்கன்னு எல்லாரும் வருவாங்க. பிரமாணத்த நாலு சொவுத்துக்குள்ள ஒளிச்சு முடிக்க முடியாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மைக்குல என்ன சொல்றாங்க? அட, இன்னும் வாழ்த்துத்தான் படிக்கறாங்க. நேரம் இருக்குது.

எம்பட புள்ளைக்கு மறுபடியும் ஆறு மாசமுங்க. ஆமா. சாமி கண்ணத் தொறந்திருக்குது. வர்ற வாரம் வளகாப்புப் போட்டு எங்கூட்டுக்குக் கூட்டியாரோணும். மறுபடியும் மாசி பொறந்தாச்சு. மறுபடியும் அதே கெணறு.

வேண்டாம் அம்மணின்னு கையெடுத்துக் கும்புடாத கொறையாச் சொல்லிப்போட்டேன். கேக்க மாட்டேங்கறா. பாட்டில் தண்ணி வாங்கறேன், லாரித் தண்ணி எறக்கறேன்னா, எதுக்குங்கறா. கழகத்து ரிப்போர்ட்டுல உகந்ததுன்னு போட்டிருக்குதுங்கறா. அந்தக் கையெழுத்தப் பொய்யிங்கறீங்களா அப்பாங்கறா. ஜெரோமு பேச்சக் கேட்டு ஆடறீங்க, கையெழுத்துப் போட்டவருமேல உங்களுக்குக் கோவம், அதுக்கு எஞ்செத்த கொழந்தைய இழுக்காதீங்கன்னு அழுவறா. போன வாரம் வந்திருந்தப்ப என்ன பண்ணுனா தெரியுங்களா? எங்கூட சண்டக்கி நின்னு, எங்கண்ணு முன்னால, கெணத்துத் தொட்டியில சொம்ப முக்கி மொண்டு, மடமடன்னு குடிச்சா. வயித்துல ஒரு கைய வெச்சுக்கிட்டே குடிச்சாளுங்க. புடுங்கறதுக்குள்ள சொம்பு காலி.

மாப்பிள்ள என்ன சொல்றாருன்னா கேக்கறீங்க? நல்ல கேள்விங்க. கோயமுத்தூர்லயே பாத்துக்கலாமேங்கறாரு. ஏன்னு அவ கேட்டா, சும்மாதான், ஆஸ்பத்திரி பக்கம்ங்கறாரு. காரணத்த மட்டும் சொல்ல மாட்டாரு. அவ புடிவாதக்காரி, காரணம் இல்லாமக் கேக்க மாட்டா. அவரும் வாயத் தொறக்க மாட்டாரு. இதுக்கு நடுவுல ஒரு உசுரு வளருது.

ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அந்த ரிப்போர்ட்டு வந்ததுல இருந்து, மாப்பிள்ள எங்கூட்டுக்கு எப்ப வந்தாலும் காருல ஒரு கேனு இருக்கும். பச்சக் கேனு. சிறுவாணி. கையலம்புறதுகூட அதுலதான். காப்பி போட்டுக் குடுத்தா, இப்பத்தான் மாமா குடிச்சேன்பாரு. மோரு குடுத்தா சளிம்பாரு. எங்க தெய்வாத்தா வெள்ளந்தி, மாப்பிள்ளைக்கு நம்மூட்டுக் காப்பி புடிக்கல போலன்னு தூளு மாத்திப் பாத்தா. நான் அந்தக் கேனப் பாத்தேன். டிக்கியில, ஸ்டெப்னிக்குப் பக்கத்துல, சாக்குப் போட்டு மூடி வெச்சிருந்துச்சு. எம்பட புள்ள அதப் பாக்கல. நான் சொன்னா நம்பவும் மாட்டா. சொல்லி நம்பற கட்டத்தத் தாண்டிப்போச்சுங்க. அவளே கண்ணால பாக்கோணும்.

ஆமாங்கய்யா. செரியாத்தான் கேக்கறீங்க. மூத்தவன் சொந்தக் கெணத்துல இருந்துதான் கொண்டாரோணும். நான் விதிய மீறல. காலையில நானே படியில எறங்கி, மேல ஆடைய வெலக்காம, அப்படியே முக்கி எடுத்தேன். எல போட்டு வாயக் கட்டி, மடியில வெச்சுக்கிட்டே காருல வந்தேன்.

ஐயோ, நஞ்சா? என்னங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க. ஒரு துளி ஒண்ணு கலக்கலீங்க. வேணும்னா சீல் வெச்சு எந்த லேபுக்கு வேணும்னாலும் அனுப்புங்க, பொறகாலயே ஒண்ணு இருக்குதே, ஏசி போட்டது. அது குடிக்க உகந்த தண்ணிங்க. கவுன்சில் பூராவும் கையெழுத்துப் போட்டிருக்குது. அதே ஆளுங்கதான் இன்னிக்கு ஜெயிச்சு வந்திருக்கறாங்க. வழக்கப்படி தலைவரு குடிச்சதும் வரிசையா அவங்களும் குடிக்கோணும். நான் ஆருக்கும் கெடுதல் செய்யலீங்க. அவங்க எழுதிக் குடுத்ததத்தான் அவங்களுக்கு ஊத்தறேன்.

எந்திரிக்காதீங்க. நிறுத்தோணும்னா போயி நிறுத்துங்க, நான் தடுக்கல. ஆனா மைக்குல என்னன்னு சொல்லி நிறுத்துவீங்க? அந்தத் தண்ணியக் குடிக்காதீங்கன்னா? அதத்தானுங்க நானும் ஜெரோமும் ரெண்டு வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்கறோம். நீங்க சொன்னாலும் எனக்குச் சந்தோசந்தான்.

உக்காந்துட்டீங்களா. செரிங்க.

அதா, கூப்புட்டுட்டாங்க. மூத்த உறுப்பினர் மேடைக்கு வரவும். வாரேன், வாரேன், கேக்குது. கொடத்த நானே எடுத்துக்கறேன், நீங்க கை வெக்க வேண்டாம், கனம் ஒண்ணும் இல்ல. கதவ மட்டும் சித்தத் தொறந்து புடிங்க. நல்லாத் தெரியுதுங்களா ஹாலு? முன் வரிசையில நீலச் சீல கட்டிக்கிட்டு, மல்லிப்பூ வெச்சுக்கிட்டு உக்காந்திருக்குதே, அதுதான் எம்பட புள்ள லோகப்பிரியா. சிரிச்ச மொகமா இருக்கறா பாருங்க, ஓட்டு ஜெயிச்ச சந்தோசம். பக்கத்துச் சேர்ல கைப்பைய வெச்சு எடம் புடிச்சு வெச்சிருக்கறா. ஊட்டுக்காரரு மேடையில தண்ணி குடிச்சுப்போட்டு எறங்கி வந்தா உக்காரட்டும்னு.

ஆமாங்க. மால போட்டுக்கிட்டு நடுவால நிக்கறாரே, அவரேதான் மாப்பிள்ள.

கெணத்துப் பேரச் சத்தமாத்தான் சொல்லிக் குடுப்பேன். வழக்கம். டம்ளர வாங்கறப்ப அவரு கை எப்படி இருக்குதுன்னு நீங்க பாக்க வேண்டாம், நானும் பாக்க மாட்டேன். குடிச்சாலும் செரி, வெச்சாலும் செரி. எம்பட புள்ள பாத்தாப் போதுமுங்க.